அலமாரியின் கீழ்த் தட்டு

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்கு மூட்டையக்கா என்று பேர். அழுக்குத் துணி மூட்டையோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறாளே, அதனால் வந்த பேர் என்றுதான் புதிதாகச் சேர்கிறவர்கள் நினைப்பார்கள். அதெல்லாம் இல்லை. அங்கே பதினெட்டுப் பேர் துணி மூட்டையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள், அவர்களுக்கெல்லாம் ஒழுங்கான பேர் இருக்கிறது. இவள் தோளில் எப்போதும் தொங்குகிற காக்கிப் பைக்காக வந்த பேர் இது. வேலைக்கு வந்தாலும் பை, கடைக்குப் போனாலும் பை, எதிரே டீ குடிக்கப் பத்து நிமிடம் போனாலும் பை. உள்ளே ஒரு செட் மாற்றுத் துணி, ஒரு ஸ்வெட்டர், பிரஷ், சோப்பு, துண்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய சர்ட்டிபிகேட்டுகள். "என்ன மூட்டையக்கா, வீட்டைக் காலி பண்ணிட்டியா?" என்று இஸ்திரி மெஷின்காரர் தினமும் கேட்பார். "ஆமாண்ணே, உங்க வீட்டுக்குத்தான் வரேன், அண்ணிகிட்ட சொல்லி வைங்க" என்பாள். இருபத்திரண்டு வருஷமாக அதே கேள்வி, அதே பதில். இரண்டு பேருக்கும் இன்னும் சலிக்கவில்லை.

அவளுக்கு வயது நாற்பத்துநான்கு. மேல் மாடிகளிலிருந்து குழாய் வழியாக வந்து விழுகிற துணியைப் பிரித்துப் போடுவது அவள் வேலை. இரத்தம் பட்டது ஒரு தொட்டி, மருந்து பட்டது ஒரு தொட்டி, நனைந்தது ஒரு தொட்டி. நனைந்த விரிப்புகளை எல்லாரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். இவள் அதைத்தான் முதலில் எடுப்பாள். ஒருமுறை புதுப் பெண் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு "சீ" என்றாள். மூட்டையக்காவுக்கு வந்ததே கோபம்! "வேணும்னா நனைக்கிறாங்க? மூக்கைப் பொத்துறவ இங்க எதுக்கு வந்த? போய் அத்தர் கடையில வேலை பாரு!" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டாள். பிறகு அவளே போய் அந்தப் பெண்ணுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். துவைத்து வந்த விரிப்பின் மூலையில் வார்டு எண் எழுத அவள் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தடித்த கறுப்புப் பேனா இருக்கும். எத்தனை தண்ணீரில் போட்டாலும் போகாத மை அது.

அவளுக்கு உலகத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு ஆள், நாலு வயது இளைய தம்பி. லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ணுகிறவன், தான் குடியிருப்பது லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. கல்யாணம் ஒன்று நடந்தது, மூன்று வருஷம் நின்றது. அந்தப் பெண் போகும்போது சொன்ன காரணம், இவன் கட்டிலில் படுக்கவே மாட்டேன் என்கிறான், தரையில் பிளாஸ்டிக் விரித்து அதன்மேல் படுக்கிறான் என்பது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த பிளாஸ்டிக்கைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்குமா? "டேய், இன்னுமாடா?" என்று சிரித்துவிட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"நீதானக்கா சொன்ன," என்றான்.

"என்ன சொன்னேன்?"

"கார்ல வரும்போது. கண்ணாடிக்காரம்மா வீட்டுலேருந்து நம்மளக் கூட்டிட்டு வந்தாங்களே, அன்னைக்கு. 'உன்னாலதான். நீ படுக்கைய நனைச்சதாலதான் நம்மளத் துரத்திட்டாங்க'ன்னு சொன்ன. அன்னைக்குச் சாயங்காலம்தான் நம்மளப் பிரிச்சாங்க."

அவளுக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்தாலும் வரவில்லை. சின்ன வயதில் தங்களைக் கொஞ்ச காலம் வைத்து வளர்த்த கண்ணாடிக்காரம்மா நினைவிருந்தார், கார் நினைவிருந்தது, ஜன்னல் நினைவிருந்தது, சொன்னது மட்டும் இல்லை. "நான் அப்படிச் சொல்லவே இல்லடா" என்றாள். அதுதான் தப்பு. அவன் எழுந்து போய்க் கதவைத் திறந்தான். "முப்பத்திரண்டு வருஷமா அதைத் தூக்கிட்டுத் திரியறேன். உனக்கு ஞாபகம்கூட இல்ல. இனிமே வராதக்கா" என்றான். அதன்பிறகு போன் எடுக்கவில்லை. ஒரு மாதம் இல்லை, இரண்டு மாதம் இல்லை, பதினான்கு மாதம்.

ஒருத்தன் ஏழு வயதில் கேட்ட ஒரு வாக்கியத்தின் மேல் நாற்பது வயது வரைக்கும் பிளாஸ்டிக் விரித்துப் படுக்கிறான் என்றால் அதைச் சொன்ன வாயை என்ன செய்வது? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. அந்தப் பதினான்கு மாதத்துக்கு நடுவில்தான் சலவைப் பிரிவில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள், அரசாங்கப் பராமரிப்பில் வளர்ந்தவர்கள் எழுதிக் கேட்டால் அவர்களுடைய ஃபைலைக் கொடுத்துவிடுகிறார்களாம். அந்த வீட்டிலிருந்து ஏன் அனுப்பினார்கள் என்று அதில் இருக்கும். படுக்கையால் இல்லை என்று ஒரே ஒரு வரி இருந்தால் போதும், அதைக் கொண்டுபோய்த் தம்பி கையில் கொடுத்துவிடலாம். அவள் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

அவள் வளர்ந்த கதையை வீடு வீடாகத்தான் சொல்ல வேண்டும். அம்மா நோயில் போய்ச் சேர்ந்தாள். அப்பா ஒருநாள் பீடி வாங்கப் போனவர்தான், இன்னும் வாங்கிக்கொண்டே இருக்கிறார். இவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. குழந்தைகள் நலத்துறை இந்த மாதிரிப் பிள்ளைகளை, வளர்க்க முன்வருகிற குடும்பங்களிடம் கொஞ்ச காலத்துக்கு விட்டுவைக்கும். அந்தக் கொஞ்ச காலம் எவ்வளவு என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. துறையிலிருந்து ஒரு அம்மா வெள்ளைக் காரில் வருவார். கார் வந்தால் ஒன்று விசாரணை, இல்லாவிட்டால் வீடு மாற்றம். அவரைப் பிள்ளைகள் இரண்டும் கார் அம்மா என்றுதான் சொல்லும்.

முதல் வீட்டில் பதினோரு பூனைகள். பிள்ளைகள் வந்தது பூனைகளுக்குப் பிடிக்கவில்லை என்று நாலு மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். சும்மா சொல்லவில்லை, அப்படியேதான் சொன்னார்கள். இரண்டாவது வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பூட்டு. அங்கிருந்து கிளம்பச் சொன்னபோது பத்தே நிமிடம்தான் கொடுத்தார்கள். இவள் தம்பியின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அவசரத்தில், அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்த அம்மாவின் போட்டோ அங்கேயே தங்கிவிட்டது. பிறகு கார் அம்மா போன் பண்ணிக் கேட்டதற்கு, அப்படி எதுவும் இங்கே இல்லையே என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் முகம் அவளுக்கு அதோடு போயிற்று. அன்றைக்கு முடிவு கட்டினாள், இனிமேல் எந்த வீட்டிலும் பையிலிருந்து எதையும் வெளியே எடுத்து வைப்பதில்லை. போட்டுக்கொள்ள ஒன்று எடுத்தால் கழற்றியதை மடித்து உடனே பைக்குள் வைத்துவிட வேண்டும். தம்பிக்கும் அதையே சொல்லிப் பழக்கினாள்.

மூன்றாவது வீட்டில் எல்லாரும் சிரித்த முகம். அந்த வீட்டம்மா ஒருநாள் விருந்தாளிகள் முன்னால், "எங்ககூடவே இருந்துடுறீங்களா, தங்கங்களா?" என்று கேட்டாள். தம்பி துள்ளிக் குதித்து "இருக்கோம், இருக்கோம்!" என்றான். விருந்தாளிகள் கை தட்டினார்கள். அடுத்த வாரம் வெள்ளைக் கார் வந்து நின்றது. அந்த அம்மா போனில் யாரிடமோ, "பாவம், நெசம்னு நம்பிடுச்சுங்க" என்று சொல்லிச் சிரித்ததை இவள் தன் காதால் கேட்டாள். அப்படிப்பட்ட ஜென்மங்களும் இருக்கிறார்கள். வேண்டும் என்று வாயால் சொன்னால் அடுத்த வாரம் கார் வரும் என்பது அவள் மண்டையில் ஏறிவிட்டது.

நாலாவதுதான் கண்ணாடிக்காரம்மா வீடு. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே இரண்டு அறை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. நெடுநெடுவென்ற உருவம். பேச்சு என்றால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். போன முதல் நாளே தம்பி படியில் இடறுவதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கடைக்குள் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, எழுத்துப் பலகையைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். நாலு நாள் கழித்துத் தன் கையாலேயே அறுத்துத் தேய்த்த கண்ணாடியை அவன் மூக்கில் மாட்டினார். அவன் தெருவைப் பார்த்து, "அக்கா, மரத்துல இலை தனித்தனியா இருக்கு!" என்று கத்தினான். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்பதை எந்த மகராசியும் கவனிக்கவில்லை, அக்கா உட்பட.

கண்ணாடிக்காரம்மா பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன மர அலமாரி வாங்கிப் போட்டார். "மேல் தட்டு உனக்கு. கீழ்த் தட்டு தம்பிக்கு. துணியை எடுத்து வைங்க" என்றார். இவள் "சரிங்க ஆன்ட்டி" என்றாள். வைக்கவில்லை. பை கட்டிலுக்கு அடியிலேயே ஜிப்பு போட்டபடி இருந்தது. சனிக்கிழமை தோறும் அவர் துவைத்த துணியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, போகிற போக்கில் அலமாரிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். கதவு கிரீச்சிடும்.  நாம் எதையாவது திருடி வைத்திருக்கிறோமா என்று சோதனை போடுகிறாள் என்றுதான் இவள் நினைத்தாள். பூட்டுப் போட்ட ஃபிரிட்ஜைப் பார்த்து வந்த பிள்ளை வேறு எப்படி நினைக்கும்?

தம்பி வாரத்தில் நாலு நாள் படுக்கையை நனைத்தான். கண்ணாடிக்காரம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெத்தையின்மேல் பிளாஸ்டிக் விரித்தார், காலையில் விரிப்பை எடுத்துப்போய் அலசிப் போட்டார். திட்டியிருந்தால்கூட இவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டாமல் இருக்கிறாளே, மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறாள், ஒருநாள் மொத்தமாகச் சேர்த்துக் காட்டுவாள் என்று பயந்தாள்.

ஒரே ஒருமுறை அவள் மனசு இளகியது. கண்ணாடிக்காரம்மா தம்பிக்கு நீலச் சட்டை ஒன்று வாங்கி வந்திருந்தார், வெள்ளைப் பொத்தான் வைத்தது. அது கசங்கக்கூடாதே என்று தம்பி கெஞ்சினான். ஒரு சனிக்கிழமை காலை, சரி போகட்டும் என்று அதைக் கீழ்த் தட்டில் விரித்து வைத்தாள். வைத்துவிட்டுப் பத்து தடவை திறந்து திறந்து பார்த்தாள். மத்தியானம் ஜன்னலுக்குக் கீழே வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. ஓடிப்போய்ச் சட்டையை எடுத்துப் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தாள். யாரோ கண்ணாடி வாங்க வந்த கார் அது. ஆனாலும் அதற்குப் பிறகு சட்டையை வெளியே எடுத்து வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

எட்டாவது மாதம் ஒரு காலை. படுக்கை நனைந்திருந்தது. மூன்று பேரும் மேசையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரம்மா தொண்டையைச் செருமினார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இங்கயே இருக்க உங்களுக்கு இஷ்டமா? எப்பவும்?" என்று கேட்டார். தம்பி வாயெடுத்தான். இவள் மேசைக்கு அடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள். பிறகு தட்டைப் பார்த்தபடி, "உங்க இஷ்டம்ங்க ஆன்ட்டி" என்றாள்.  கண்ணாடிக்காரம்மா எழுந்து தட்டுகளைக் கழுவப் போய்விட்டார். ஒன்பதாம் நாள் வெள்ளைக் கார் வந்தது. கண்ணாடிக்காரம்மா வாசலுக்கு வரவில்லை, கடைக்குள் கண்ணாடி தேய்க்கிற மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டு பேரையும் சேர்த்து எடுத்துக்கொள்ள அதன்பிறகு ஒரு வீடும் கிடைக்கவில்லை. அவளுக்கு இன்னும் மூன்று வீடு, ஒரு விடுதி. அவனுக்கு எத்தனை என்று அவனே சொல்லமாட்டான். அடுத்து இரண்டு பேரும் நேரில் பார்த்தது அவளுக்குப் பத்தொன்பது வயதில். பதினைந்து வயதுப் பையன், ஒரு காதில் நூல் கட்டிய சின்னக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து நின்றான். கண்ணாடிக்காரம்மா போட்டுவிட்ட அதே கண்ணாடி.

ஃபைல் ஐந்து மாதம் கழித்து வந்தது. ரெக்கார்டு அறையில் இருந்த பெண் கட்டை எடுத்துக் கொடுத்து, "மத்தவங்க சம்பந்தப்பட்டதையெல்லாம் கறுப்பு அடிச்சிருப்பாங்கம்மா. தனியா உட்கார்ந்து படிங்க, இல்லன்னா யாரையாவது கூட வச்சுக்கிட்டுப் படிங்க" என்றாள். மூட்டையக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். நூற்றுப்பதினேழாவது பக்கத்தில் இருந்தது.

"சிறுவன் படுக்கையை நனைப்பது தனக்கு ஒரு பொருட்டே அல்ல என்று வளர்ப்புத் தாய் தெரிவித்தார். இரு குழந்தைகளையும் நிரந்தரமாகத் தன்னிடமே வைத்துக்கொள்ள விண்ணப்பம் தயாரித்திருந்ததாகவும் கூறினார். ஆனால் குழந்தைகளுக்கு அங்கு இருக்க விருப்பமில்லை என்று கருதுகிறார். வாங்கிக் கொடுத்த அலமாரி எட்டு மாதமாகக் காலியாகவே உள்ளது. பை எப்போதும் கட்டி வைக்கப்பட்டுள்ளது. ஒரு முறை மட்டும் சிறுவனின் சட்டை ஒன்று கீழ்த் தட்டில் இருந்ததாகவும், மாலையில் பார்த்தபோது அதுவும் எடுக்கப்பட்டிருந்ததாகவும் கூறி அழுதார். நேரில் கேட்டதற்கும் மூத்த சிறுமி விருப்பம் தெரிவிக்கவில்லை. விருப்பமில்லாத பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொள்ள மனம் வரவில்லை என்றார்."

அடுத்த பக்கத்தில் கண்ணாடிக்காரம்மா தன் கைப்பட எழுதிய கடிதம். சிறுவனுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கண் சோதிக்க வேண்டும், வளர வளரப் பவர் மாறும், எங்கே இருந்தாலும் அனுப்பினால் நான் செய்து தருகிறேன் என்று எழுதியிருந்தார். அதே மாதிரி ஆறு வருஷத்துக்கு ஆறு கடிதம். ஒன்றுக்கும் பதில் போட்டதாக ஃபைலில் இல்லை.

"இவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தவறிட்டாங்கம்மா. பதினோரு வருஷம் ஆச்சு" என்றாள்.

மூட்டையக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் சொல்லாமல் போட்ட முதல் லீவு. தம்பியால் இல்லை என்று தெரிந்துவிட்டது, அந்த ஒரு வரி கையில் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒட்டினாற்போல அடுத்த வரி, அதற்கடுத்த வரி, எல்லாமே அவளைத்தான் சொல்கிறது. அவள் கட்டி வைத்த பை. அவள் எடுத்த சட்டை. அவள் மிதித்த கால். இதைப் படித்தால் அவன் என்ன செய்வான்? சும்மாவே பதினான்கு மாதம் பேசாதவன். இருக்கிற ஒரே ஆளையும் தன் கையாலேயே தொலைக்க வேண்டுமா?

இந்த இடத்தில் அவளை யோக்கியமானவளாகக் காட்ட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததைத்தானே சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது அவள் சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்தாள். அந்தப் பக்கத்தில் படுக்கையைப் பற்றிய முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு, மீதி வரிகளை ஒவ்வொன்றாக அடித்தாள். ஆபீஸ்காரர்கள் அடித்த மாதிரியே, ஓரம் நேராக, ஐடி கார்டை ஸ்கேலாக வைத்து.

கதவைத் திறந்த தம்பி அவளை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வேலைச் சட்டையில் கிரீஸ் கறை. அவள் வாசலில் நின்றபடியே பேப்பரை நீட்டினாள்.

"நம்ம ஃபைல்டா. கண்ணாடிக்காரம்மா வீடு. முதல் வரியைப் படி. உன்னால இல்லடா. நீ நனைச்சது அவங்களுக்கு ஒரு பொருட்டே இல்லையாம்."

அவன் தடித்த கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தான். மறுபடி படித்தான். அந்த ஒரு வரியையே நாலு தடவை படித்தான்.  "ஒரு பொருட்டே அல்ல" என்று முணுமுணுத்தான். அந்த நிமிடம் அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. முப்பத்திமூன்று வருஷத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

பிறகு அவன் விரல் கறுப்பைத் தொட்டது. பேப்பரைத் திருப்பிப் பார்த்தான். மை பின்பக்கம் ஊறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனான்.

"மேல ஆபீஸ்காரங்க அடிச்சிருக்கிறது ஜெராக்ஸ்ல வந்தது. கீழ இருக்கிறது வேற" என்றான். "அக்கா, இது உன் பேனா. என் வேலைச் சட்டையில பேர் எழுதிக் குடுத்தியே, அதே வாடை."

 அவன் ஜன்னலுக்குப் போனான். லிஃப்ட் கிணற்றுக்குள் டார்ச் அடித்து வயரைத் தேடுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? வெளிச்சத்தில் பேப்பரைச் சாய்த்துப் பிடித்தான். கறுப்புக்கு அடியில் ஜெராக்ஸ் எழுத்து மினுங்கியது. ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாகப் படித்தான். "வாங்கிக் கொடுத்த... அலமாரி... எட்டு மாதமாக..." அவள் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வார்த்தை விடாமல் அவன் குரலில் கேட்க வேண்டியதாயிற்று. "கூறி அழுதார்" என்ற இடத்தில் நிறுத்தினான்.

"எந்தச் சட்டை?"

"நீலச் சட்டை. வெள்ளைப் பொத்தான்."

"நான்தான் வைக்கச் சொன்னேன்."

"ஆமா."

"ஏன் எடுத்த?"

"வெள்ளைக் கார் வந்துச்சுடா. நம்ம கார்னு நினைச்சுட்டேன். அதுவும் அம்மா போட்டோ மாதிரி போயிடும்னு பயந்துட்டேன்."

அவன் மீதியையும் படித்து முடித்தான். வெளியே பார்த்தபடி கேட்டான்: "அன்னைக்குக் காலையில இருக்கோம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ மிதிச்ச. சொல்லியிருந்தா?"

பொய் சொல்ல இன்னொரு இடம் அது. இந்த முறை அவள் சொல்லவில்லை. "இருந்திருப்போம்டா" என்றாள். "ரெண்டு பேரும். அங்கயே."

"அப்ப உனக்குப் பதினோரு வயசு. அது போகட்டும். விடு. இப்ப உனக்கு நாப்பத்திநாலு. இப்பவும் கறுப்பு அடிச்சிட்டுத்தான கொண்டுவர?"

"நீயும் போயிட்டா எனக்கு யாருடா இருக்கா?" என்று அவள் அழுதாள். வாய்விட்டு, மூக்கொழுக அழுதாள். "உன்னால இல்லடா. என்னால. என்னாலதான் எல்லாம். கார்ல உன்ன அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம் வரல. ஆனா சொல்லியிருப்பேன். நான்தான் சொல்லியிருப்பேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

"உன்னால இல்லடா. என்னால."

அவன் பேப்பரை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். டீ போட்டுக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் தரையில் வைத்தான். தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ஆறு கடிதத்தைப் பற்றி அவள் சொன்னாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடி மாட்டிக்கொண்டான். 

டீ முடிந்ததும் அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். அவன் அந்தப் பையையே பார்த்தான்.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத."

"இல்லடா."

"அந்தப் பைக்குள்ள என்ன இருக்கு?"

சொன்னாள். அவன் மூலையில் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தான். சுத்தமாகக் காலி. அவன் துணியெல்லாம் யாரும் படுக்காத கட்டிலடியில் ஒரு டூல் பெட்டிக்குள் மடித்து, மூடி, கொக்கி போட்டு வைத்திருந்தான். சின்ன வயதில் அவள் சொல்லிக் கொடுத்தது. 

"ஏதாவது ஒண்ணை இங்க வச்சிட்டுப் போ," என்றான். "அடுத்த தடவை வந்து எடுத்துக்க."

அவள் ஸ்வெட்டரை எடுத்தாள். கீழ்த் தட்டில் வைத்தாள். கையை எடுக்க நேரம் பிடித்தது. அவன் காத்திருந்து, அவள் கை வெளியே வந்த பிறகு கதவைச் சாத்தினான்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றாள். மேலே ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று கால் துடித்தது. முதல் மாடியில் ஒருமுறை நின்றாள். தெரு வாசலில் இன்னொருமுறை நின்று மேலே பார்த்தாள். ஜன்னலில் அவன் இல்லை. பஸ் ஸ்டாப்பில் பையை மடியில் வைத்துத் திறந்து, இருக்கிறதையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு மூடினாள். பை லேசாக இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவே இல்லை. பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.